வீட்டுக் காற்றும் ரீஃப் தொட்டியின் பிஎச் அளவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரீஃப் தொட்டியில், அதாவது உப்புநீர்த் தொட்டியில், பவளம் வளர்ப்பவர்களிடையே ஓயாமல் எழும் புகார் ஒன்று உண்டு: காரத்தன்மை (அமிலத்தை ஈடுகட்டும் திறன்) சரி, கால்சியம் சரி, மக்னீசியம் சரி, ஆனால் அமில-கார நிலையைக் காட்டும் பிஎச் மட்டும் 7.8ஐத் தாண்ட மறுக்கிறது. இந்தப் புகாரோடு வருபவர்களில் பெரும்பாலோர் தண்ணீரில்தான் கோளாறு தேடுகிறார்கள். தேட வேண்டிய இடமோ தொட்டி வைத்திருக்கும் அறை. அதையொட்டி எழும் கேள்விகளுக்கான விளக்கங்கள் இங்கே தரப்படுகின்றன.

தண்ணீரின் மற்ற அளவுகள் எல்லாம் சரியாக இருக்கும்போது பிஎச் மட்டும் குறைவது எப்படி?

கடல்நீரின் பிஎச்சைப் பெரும்பாலும் இரண்டு விஷயங்களே தீர்மானிக்கின்றன. ஒன்று காரத்தன்மை, மற்றொன்று தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு. இவ்விரண்டும் தெரிந்துவிட்டால் பிஎச்சைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். எனவே சோதனைப் பெட்டியில் காரத்தன்மை 8 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு) என்று காட்டி, நம்பத்தகுந்த மீட்டரில் பிஎச் 7.7 என்று வந்தால், அதற்குப் பொருள் ஒன்றுதான்: தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு மிகுந்திருக்கிறது. கால்சியமும் மக்னீசியமும் இதில் நேரடியாகப் பங்கெடுப்பதில்லை. அவற்றைச் சரிசெய்து பிஎச்சை ஏற்ற முயல்வது வீண்.

காற்றில் உள்ள வாயு தண்ணீரின் பிஎச்சை எப்படி மாற்றுகிறது?

தண்ணீரும் அதன்மேல் உள்ள காற்றும் எப்போதும் சமநிலையை நோக்கி நகர்கின்றன. சோடாப் புட்டியைத் திறந்து வைத்தால் வாயு வெளியேறிச் சப்பென்று ஆகிவிடுவதும் இதே விதியால்தான். அங்கே தண்ணீரிலிருந்து காற்றுக்குப் போகிறது, அடைத்த அறையில் இருக்கும் ரீஃப் தொட்டியில் காற்றிலிருந்து தண்ணீருக்கு வருகிறது. அப்படிக் கரையும் கார்பன் டை ஆக்சைடு தண்ணீருடன் சேர்ந்து கார்பானிக் அமிலமாகிறது. அதிலிருந்து பிரியும் ஹைட்ரஜன் அயனிகள் பிஎச்சைக் கீழே இழுக்கின்றன. கவனிக்க வேண்டியது என்னவென்றால், இதில் காரத்தன்மை மாறுவதே இல்லை. உள்ளே இருக்கும் கார்பனேட்டின் ஒரு பகுதி பைகார்பனேட்டாக மாறுகிறது, அவ்வளவுதான். டிகேஎச் சோதனை இந்த மாற்றத்தைக் காட்டாது என்பதால்தான் பலரும் குழம்பிப் போகிறார்கள்.

அளவுகளில் சொன்னால், காரத்தன்மை மாறாமல் இருக்கும்போது காற்றின் கார்பன் டை ஆக்சைடு இரு மடங்கானால் பிஎச் ஏறத்தாழ 0.25 முதல் 0.3 வரை இறங்கும். இன்றைய வெளிக்காற்றில் அது 420 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 420 பங்கு) சற்று மேல் இருக்கிறது. 8 டிகேஎச் காரத்தன்மை உள்ள தண்ணீர் அந்தக் காற்றுடன் முழுச் சமநிலைக்கு வந்தால் பிஎச் 8.2ஐ ஒட்டி நிற்கும். அறைக்காற்று 850 பிபிஎம் ஆனால் 8.0க்குச் சற்றுக் கீழே வரும். 1,700 பிபிஎம் ஆனால் 7.7. இவை விளக்குகள் அணைந்து, ஒளிச்சேர்க்கை ஏதும் நடக்காத நிலைக்கான தோராயக் கணக்குகள். பகலில் பவளங்களின் உடலுக்குள் வாழும் பாசிகளும் தொட்டியின் மற்ற பாசிகளும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுவதால் பிஎச் இதைவிட மேலே போகும், இரவில் எல்லா உயிர்களும் சுவாசிப்பதால் கீழே போகும். பகலுக்கும் இரவுக்கும் இடையே 0.2 முதல் 0.4 வரை ஊசலாடுவது வழக்கமானதே. விளக்கு எரியத் தொடங்குவதற்குச் சற்று முன்புதான் நாளின் மிகக் குறைந்த அளவு பதிவாகும்.

ஒரு வீட்டு அறையில் அவ்வளவு கார்பன் டை ஆக்சைடு சேருமா?

சேரும், நினைப்பதைவிட விரைவாகவே சேரும். நாம் வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 4 விழுக்காடு, அதாவது 40,000 பிபிஎம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்கு 18 முதல் 20 லிட்டர் வரை இந்த வாயுவை வெளியிடுகிறார். 12 அடிக்கு 14 அடி பரப்பும் 10 அடி உயரமும் உள்ள ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம். அதில் உள்ள காற்று ஏறத்தாழ 47,500 லிட்டர். கதவு சன்னல்களை இறுகச் சாத்திவிட்டு இருவர் ஒரு மணி நேரம் தொலைக்காட்சி பார்த்தால், காற்று கொஞ்சமும் மாறவில்லை என்று கொண்டால், 800 பிபிஎம்மை ஒட்டிய அளவு கூடுகிறது. உண்மையில் எந்த வீடும் அவ்வளவு இறுக்கமானதல்ல. கதவிடுக்கு வழியாகக் காற்று கசிவதால் ஏற்றம் மட்டுப்படும். ஆனாலும் அடைத்த கூடத்தில் 1,000 முதல் 1,500 பிபிஎம் வரை காண்பது சர்வசாதாரணம். ஏசி போட்டுக் கதவடைத்துத் தூங்கும் படுக்கையறையில் விடியற்காலையில் 2,000ஐத் தாண்டுவதும் உண்டு. தொட்டியைப் படுக்கையறையில் வைத்திருப்பவர்களின் பிஎச் கோடு இரவில் ஏன் அவ்வளவு செங்குத்தாக விழுகிறது என்பதற்கு இதுவே காரணம்: தொட்டிக்குள் ஒளிச்சேர்க்கை நிற்கும் அதே மணி நேரத்தில்தான் அறைக்குள் மனிதர்களும் வந்து அடைகிறார்கள்.

சமையலறையை மறந்துவிடக் கூடாது. ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் மூன்று கிலோ கார்பன் டை ஆக்சைடு உண்டாகிறது. நடுத்தரத் தீயில் மணிக்கு 150 கிராம் எரியும் ஓர் அடுப்பு, கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து மூச்சுவிடுவதற்குச் சமமான வாயுவை வெளியிடும். கூடமும் சமையலறையும் தடுப்பின்றி ஒன்றாக இருக்கும் அடுக்ககங்களில், புகைபோக்கியைப் போடாமல் இட்லிப் பானையை ஏற்றும் காலை வேளையில் பிஎச் கோடு இறங்குவதைக் கண்கூடாகப் பார்க்கலாம்.

உள்ளறைக் காற்றுக்கு 1,000 பிபிஎம் என்ற எல்லையை முதலில் முன்வைத்தவர் ஜெர்மானியச் சுகாதார அறிஞர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர், ஆண்டு 1858. அவர் மனிதர்களை மனத்தில் வைத்துச் சொன்னார் என்றாலும், பவளத் தொட்டிக்கும் அது மோசமான எல்லையல்ல.

ஏசி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, காற்று மாறாதா?

மாறாது. ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துக் குளிர்விக்கிறது. சுவருக்கு வெளியே நிற்கும் பெட்டி வெப்பத்தை வெளியேற்றுகிறதே தவிர, அங்கிருந்து காற்று உள்ளே வருவதில்லை. மின்விசிறியும் அப்படித்தான்.

இது சிறிய வீட்டுத் தொட்டிகளின் சிக்கல் மட்டும்தானா?

இல்லை. இதற்குக் கிடைக்கும் மிகப் பெரிய சான்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஓரக்கிள் என்ற ஊரருகே இருக்கும் பயோஸ்பியர் 2. காற்றுப் புகாத கண்ணாடிக் கட்டடத்துக்குள் மழைக்காடு, புல்வெளி, பாலைவனம், வயல் ஆகியவற்றோடு பவளத்திட்டு கொண்ட ஒரு செயற்கைக் கடலையும் அமைத்து, 1991 செப்டம்பர் 26 அன்று எட்டுப் பேர் உள்ளே சென்று இரண்டாண்டுகள் தங்கினார்கள். உரமேறிய மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாகச் சுவாசித்ததால், வெயில் குறைந்த குளிர்காலத்தில் உள்காற்றின் கார்பன் டை ஆக்சைடு 4,000 பிபிஎம் அளவுக்கு ஏறியது. ஒரே நாளின் பகலுக்கும் இரவுக்கும் இடையே சில நூறு பிபிஎம் ஏறி இறங்கியது. அந்தக் காற்றின் கீழே கிடந்த கடலின் பிஎச் விழத் தொடங்கியதும், பவளங்களைக் காப்பாற்ற அதில் சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் போட வேண்டியிருந்தது. லட்சக்கணக்கான லிட்டர் கடல்நீரும் காற்றின் சொல்லைக் கேட்டுத்தான் ஆடியது என்னும்போது, 200 லிட்டர்த் தொட்டி எம்மாத்திரம்.

அந்தக் கட்டடத்தில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. மண் எடுத்துக்கொண்ட உயிர்வளிக்கு ஈடான கார்பன் டை ஆக்சைடு காற்றில் காணப்படவில்லை. எங்கே போயிற்று என்று தேடியபோது, பூசப்படாத கான்கிரீட் சுவர்களில் இருந்த கால்சியம் ஹைட்ராக்சைடு அதை உறிஞ்சிக் கால்சியம் கார்பனேட்டாக மாறியிருந்தது தெரியவந்தது. பின்னால் வரும் சோடா லைம், சுண்ணாம்பு நீர் ஆகிய இரண்டு தீர்வுகளும் கால்சியம் ஹைட்ராக்சைடு கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் இதே இயல்பைத்தான் பயன்படுத்துகின்றன.

என் தொட்டியிலும் அறைக்காற்றுதான் காரணம் என்று எப்படி உறுதிசெய்வது?

ரீஃப் வேதியியலைப் பற்றி விரிவாக எழுதிய வேதியியலாளர் ராண்டி ஹோம்ஸ்-ஃபார்லி பரவலாக்கிய ஓர் எளிய சோதனை இருக்கிறது. தொட்டித் தண்ணீரை ஒரு கோப்பையில் எடுத்துப் பிஎச்சைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பையையும் ஒரு சிறிய காற்றுப் பம்பையும் பால்கனிக்கோ மொட்டைமாடிக்கோ கொண்டுபோய், காற்றுக்கல் போட்டு ஒரு மணி நேரம் குமிழிட விட்டு, மறுபடியும் அளவிடுங்கள். பம்பும் வெளியில் இருக்க வேண்டும். பம்பை உள்ளே வைத்துக் குழாயை மட்டும் வெளியே நீட்டினால் நீங்கள் குமிழிடுவது அறைக்காற்றையே. அளவிடும் நேரத்தில் கோப்பைமேல் குனிந்து மூச்சுவிடாமல் இருப்பதும் நல்லது.

பிஎச் 7.8இலிருந்து 8.1க்கோ 8.2க்கோ ஏறினால், தொட்டித் தண்ணீர் வெளிக்காற்றுக்கு ஒவ்வாத அளவு கார்பன் டை ஆக்சைடைச் சுமந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அதன்பின் புதிதாக ஒரு கோப்பைத் தண்ணீர் எடுத்து, இம்முறை தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்து ஒரு மணி நேரம் குமிழிடுங்கள். உள்ளே குமிழிட்டபோது பிஎச் அசையவில்லை என்றால் குற்றவாளி அறைக்காற்றே. உள்ளேயும் ஏறினால், அறைக்காற்று ஓரளவு நன்றாகவே இருக்கிறது, தொட்டிக்குத்தான் காற்றோட்டம் போதவில்லை. வெளியே குமிழிட்டும் ஏறாவிட்டால் காரத்தன்மைச் சோதனையையும் பிஎச் மீட்டரையும் ஐயப்பட வேண்டும்.

இந்தச் சோதனையில் ஒரு விதிவிலக்கைக் கணக்கில் கொள்ள வேண்டும். கால்சியம் ரியாக்டர் (சுண்ணாம்புக் கல்லைக் கரைத்துக் கால்சியம் தரும் கருவி) வைத்திருப்பவர்கள் தாங்களே கார்பன் டை ஆக்சைடைத் தண்ணீரில் செலுத்துகிறார்கள். பாக்டீரியாக்களுக்கு உணவாக வினிகரோ வோட்காவோ டோசிங் செய்பவர்களின், அதாவது அளந்து ஊற்றுபவர்களின், தொட்டியில் அந்தப் பாக்டீரியாக்களே அதை உற்பத்தி செய்கின்றன. அவர்கள் சன்னலைத் திறந்துவிட்டு அற்புதத்தை எதிர்பார்க்கக் கூடாது.

தொடர்ந்து பதிவுசெய்யும் மீட்டர் இருந்தால் வரைகோடே பாதிக் கதையைச் சொல்லிவிடும். எல்லோரும் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் போகும் வார நாட்களில் உச்சம் 8.2ஐத் தொட்டு, ஞாயிற்றுக்கிழமையில் 8.0இலேயே தட்டையாக நின்றால், அல்லது தீபாவளிக்கு உறவினர்கள் வந்து தங்கிய நாட்களில் கோடு முழுவதுமே 0.2 கீழே இறங்கியிருந்தால், வேறு சான்று தேவையில்லை.

கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்குவது அவசியமா?

அவசியமில்லை, ஆனால் பிஎச் உயர்த்தும் திரவங்களுக்குச் செலவிடும் பணத்தைவிடப் பயனுள்ள செலவு. வாங்கும்போது அகச்சிவப்பு ஒளியால் அளவிடும் வகையா என்று பார்த்து வாங்க வேண்டும். மலிவான சில கருவிகள் காற்றில் உள்ள வேறு ஆவிகளை அளந்து, அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடை ஊகித்துக் காட்டுகின்றன. தாளிக்கும் வாசனைக்கும் சாம்பிராணிக்கும் எண் தாவிக் குதிக்கும் அவை இங்கே உதவா. நல்ல கருவிகளிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பலவும் சில நாட்களில் பதிவான மிகக் குறைந்த அளவை வெளிக்காற்றின் அளவாக எடுத்துக்கொண்டு தம்மைத் தாமே திருத்திக்கொள்கின்றன. சன்னலே திறக்கப்படாத அறையில் அந்தக் கருவி நாளடைவில் 700 பிபிஎம்மை 400 என்று காட்டப் பழகிவிடும். வாரம் ஒருமுறை அதைச் சிறிது நேரம் வெளியில் வைத்து எடுங்கள்.

பிஎச் மீட்டரை எவ்வளவு நம்பலாம்?

அளவீட்டுத் திரவங்களால் கடைசியாக எப்போது திருத்தினீர்களோ அந்த அளவுக்கு நம்பலாம். கடல்நீருக்கு 7 மற்றும் 10 என்ற இரு புள்ளிகளில் திருத்த வேண்டும். 4 மற்றும் 7இல் திருத்துவது நன்னீருக்கும் கால்சியம் ரியாக்டருக்கும் உரியது. திறந்து மாதக்கணக்கான 10 திரவம் காற்றின் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சித் தன் மதிப்பை இழந்திருக்கும் என்பதால், புதிய பொட்டலத்தைப் பயன்படுத்துங்கள். கண்ணாடி முனையுள்ள மின்முனை ஓரிரு ஆண்டுகளில் தேய்ந்துபோகும் பொருள். மாலையில் ஒருமுறை மட்டும் பார்த்துவிட்டு, என் தொட்டி எப்போதும் 8.2தான் என்று சொல்வதும் சரியல்ல. விடியற்காலை அளவையும் பார்த்தாக வேண்டும்.

மேற்பரப்பை நன்றாகக் கலக்கிவிட்டால் பிஎச் ஏறிவிடும் என்கிறார்களே?

அரைகுறை உண்மை. கலக்கினால் தண்ணீர் தன் அறைக்காற்றுடன் விரைவில் சமநிலைக்கு வரும், அவ்வளவுதான். அறைக்காற்று 1,500 பிபிஎம்மில் இருந்தால் தண்ணீரைக் கலக்கும் பவர்ஹெட் பம்பை எவ்வளவு வேகமாக வைத்தாலும் அந்த 1,500க்கு உரிய பிஎச்சைத்தான் விரைவாக அடைவீர்கள். பகலில் ஒளிச்சேர்க்கையால் தண்ணீரின் கார்பன் டை ஆக்சைடு அறையைவிடக் குறைந்திருக்கும் தொட்டியில், கூடுதல் கலக்கல் பிஎச்சை இறக்கவும் செய்யும். மேற்பரப்பு அசைவு உயிர்வளிக்காகக் கட்டாயம் வேண்டும். பிஎச்சுக்கான மருந்தாக அதைக் கருத வேண்டாம்.

பிஎச் 7.8இல் இருந்தால் பவளங்கள் செத்துப்போகுமா?

சாகா. 7.8 முதல் 8.5 வரை ஏற்கத்தக்க எல்லையாகவே ரீஃப் வளர்ப்பில் கருதப்படுகிறது. மென்பவளங்கள், ஜோஆந்திட்கள், காளான் பவளங்கள் மட்டும் உள்ள தொட்டிக்கு 7.8ஐப் பற்றிக் கவலைப்படுவது தேவையற்ற மனவுளைச்சல் என்பது என் கருத்து.

கதை மாறுவது அக்ரோபோரா போன்ற கல்பவளங்களில். அவை கால்சியம் கார்பனேட்டால் எலும்புக்கூட்டைக் கட்டுகின்றன; பிஎச் குறையும்போது கார்பனேட் அயனி குறைவதாலும், கட்டும் இடத்தில் உண்டாகும் ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ள அதிக ஆற்றல் செலவாவதாலும் வளர்ச்சி மெதுவாகிறது. பயோஸ்பியர் 2இன் அதே கடலில் கிறிஸ் லாங்டன் குழுவினர் பின்னர் நடத்தி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, கார்பனேட் செறிவு குறையக் குறையப் பவளச் சமூகத்தின் சுண்ணாம்பாக்க வீதமும் குறைகிறது என்று காட்டியது. ஆஸ்திரேலியாவின் ஒன் ட்ரீ தீவில் இயற்கையான திட்டின் மேல் பாயும் நீரில் சோடியம் ஹைட்ராக்சைடு கலந்து, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையை ஒட்டிக் கடல்நீரைக் கொண்டுவந்தபோது சுண்ணாம்பாக்கம் சுமார் 7 விழுக்காடு கூடியது. அந்த முடிவு 2016இல் வெளியானது. அங்கே மாற்றப்பட்ட பிஎச் மிகச் சிறியது. நம் வீடுகளில் சன்னல் சாத்தியிருப்பதால் விழும் 0.3, 0.4 அதைவிடப் பெரிது.

கடையில் விற்கும் பிஎச் பஃபர் தூளைப் போட்டால் என்ன?

பெரும்பாலான தூள்கள் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் சேர்ந்த கலவைகளே. போட்டவுடன் மீட்டர் ஏறும், மகிழ்ச்சி தரும். தண்ணீர் அறைக்காற்றிலிருந்து மறுபடியும் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்ள, சில மணி நேரத்தில் பிஎச் கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கே திரும்பும்; ஏறிய காரத்தன்மை மட்டும் மிச்சம். மறுநாளும் போடுவீர்கள். இப்படியே போனால் காரத்தன்மை 12, 13 டிகேஎச் என்று ஏறி, பவளத்தின் நுனிகள் வெளுத்து எரிந்து, பம்புகளிலும் ஹீட்டரிலும் வெள்ளைக் கல் படியும். காரத்தன்மை 6 டிகேஎச்சில் கிடக்கும் தொட்டிக்கு அதை 8க்கு உயர்த்துவது நியாயமான சிகிச்சை, பிஎச்சும் அதற்கேற்பச் சிறிது உயரும். ஏற்கெனவே 8, 9 இருக்கும் தொட்டியில் தூள் போடுவது நோய் ஒன்று, மருந்து வேறொன்று.

சன்னலைத் திறந்தால் போதுமா? வெப்பமும் ஈரமும் வருமே?

பல வீடுகளில் போதும். எதிரெதிர்ச் சன்னல்கள் இரண்டைத் திறந்து காற்றுப் பாயவிட்டால், அறையின் அளவு கால் மணி நேரத்துக்குள் வெளிக்காற்றை நெருங்கும். தண்ணீர் அவ்வளவு விரைவாக மாறாது. பிஎச் ஏறி முடிய சில மணி நேரமாகும். திறந்து பத்து நிமிடத்தில் மீட்டரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

ஏப்ரல், மே மாதங்களில் சென்னையிலோ, ஆண்டு முழுவதும் சிங்கப்பூரிலோ சன்னலைத் திறந்து வைக்கச் சொல்வது எளிது, செய்வது கடினம். அறை சூடாகி, தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரின் வேலை கூடி, மின்கட்டணம் ஏறும். அங்கெல்லாம் நடைமுறைக்கு ஏற்றது சன்னலை இரண்டு விரற்கடை அளவு மட்டும் திறந்து வைப்பதும், சமைக்கும்போது புகைபோக்கியைத் தவறாமல் போடுவதும், குளியலறையின் காற்றுவெளியேற்றியை இரவில் மெதுவாக ஓடவிடுவதும்தான். காற்றுவெளியேற்றி ஓடினால் அது தள்ளும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தோ புதுக்காற்று உள்ளே வந்தாக வேண்டும்; அந்த வழி தொட்டி இருக்கும் அறையின் சன்னலாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்நாடுகளில் மாதக்கணக்கில் வீட்டை அடைத்து வைப்பவர்களுக்கு, வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றித் தரும் காற்றோட்டக் கருவிகள் நல்ல தீர்வு. அந்தச் செலவின் பலன் வீட்டாருக்கும் கிடைக்கிறது.

ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை வெளியே எடுத்துச் செல்வது பயன் தருமா?

பயன் தருகிறது, செலவைப் பார்த்தால் இதைவிடச் சிறந்த வழி அரிது. கழிவை நுரையாக்கி அகற்றும் புரோட்டீன் ஸ்கிம்மர் மணிக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் காற்றை நுண்குமிழிகளாக்கித் தண்ணீரோடு கலக்கிறது. தொட்டியில் வாயுப் பரிமாற்றத்தின் பெரும்பங்கு அங்கேதான் நடக்கிறது. அது இழுக்கும் காற்று வெளியிலிருந்து வந்தால் பிஎச் 0.1 முதல் 0.2 வரை உயர்வது வழக்கம். முழுப் பலன் கிடைக்காததற்குக் காரணம், தொட்டியின் மேற்பரப்பும் அதனோடு இணைந்த துணைத்தொட்டியான சம்பும் இன்னும் அறைக்காற்றையே தொட்டுக்கொண்டிருக்கின்றன என்பதே.

குழாய் அமைப்பதில் கவனம் வேண்டும். ஸ்கிம்மரோடு வரும் மெல்லிய குழாயையே ஐந்து மீட்டர் நீட்டினால் உராய்வு காற்றைத் தடுத்து, நுரை தளர்ந்து, ஸ்கிம்மரின் வேலையே கெடும். அரை அங்குலமோ அதற்கு மேலோ விட்டமுள்ள குழாயைச் சுவர்வரை கொண்டுசென்று, கடைசிச் சாணில் மட்டும் மெல்லிய குழாயாகக் குறுக்குங்கள். வெளிமுனை கீழ்நோக்கி வளைந்திருந்தால் மழைநீர் ஏறாது. ஒரு வலையைக் கட்டினால் பூச்சி ஏறாது. ஏசி அறைக்குள் நுழையும் ஈரக்காற்று குழாயின் உட்சுவரில் நீர்த்துளியாகப் படியும் என்பதால், குழாய் வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். நடுவே தொய்ந்தால் அங்கே தண்ணீர் தேங்கிக் காற்று அடைபடும்.

வெளிமுனையின் இடமும் முக்கியம். கொசுப்புகை அடிக்கும் தெருவைப் பார்த்தோ, ஜெனரேட்டர் புகைக்குழாய்க்கு அருகிலோ, பக்கத்து வீட்டுச் சமையலறையின் வெளியேற்றிக்கு எதிரிலோ வைக்காதீர்கள். கொசுமருந்துகளில் உள்ள பைரித்ராய்டு வகை நஞ்சுகள் இறால், நண்டு போன்றவற்றைக் கொல்ல மிகச் சிறிய அளவே போதும். புகை வண்டியின் சத்தம் கேட்டால் குழாயைக் கழற்றி, சிறிது நேரம் அறைக்காற்றிலேயே ஓடவிடுங்கள். இதே காரணத்தால் அறைக்குள் கொசுவத்தியையும் தெளிப்பு மருந்தையும் தவிர்ப்பதும் நல்லது. பிஎச்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை, ஆனால் அறையில் உள்ளதையெல்லாம் ஸ்கிம்மர் தண்ணீருக்குள் கொண்டுவந்துவிடும்.

சோடா லைம் வடிப்பான் எப்போது தேவைப்படுகிறது?

குழாயை வெளியே கொண்டுபோக வழியில்லாத நடு அறைகளிலும், வாடகை வீட்டுச் சுவரில் துளையிட முடியாதபோதும் இதுவே கைகொடுக்கும். கால்சியம் ஹைட்ராக்சைடுடன் சிறிது சோடியம் ஹைட்ராக்சைடு சேர்ந்த மணிகளே சோடா லைம். அறுவைச் சிகிச்சை மயக்கக் கருவிகளில் நோயாளியின் மூச்சிலிருந்து கார்பன் டை ஆக்சைடை நீக்கவும் இதுதான் பயன்படுகிறது. ஒரு குடுவையில் அடைத்து ஸ்கிம்மரின் காற்று வாயில் மாட்டினால், உள்ளே போகும் காற்று கிட்டத்தட்டக் கார்பன் டை ஆக்சைடே இல்லாததாகிவிடும். மணிகள் தீரத் தீர நிறம் மாறும். பயன்படுத்தாமல் சிறிது நேரம் வைத்தால் ஊதா நிறம் மறைந்து பழைய வெண்மை திரும்புவது உண்டு. அதைப் பார்த்து மணிகளுக்கு உயிர் வந்துவிட்டதாக நினைக்கக் கூடாது.

தொடர் செலவுதான் இதன் குறை. அறைக்காற்று எவ்வளவு கெட்டிருக்கிறதோ அவ்வளவு விரைவாக மணிகள் தீரும். ஸ்கிம்மர் கோப்பையிலிருந்து வெளியேறும் காற்றையே திருப்பி வடிப்பானுக்குள் விட்டால் ஆயுள் கணிசமாக நீளும், வெறும் அறைக்காற்றை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சுத்தம் செய்ய வேண்டியதில்லை. மணிகள் அரிக்கும் தன்மை கொண்டவை. கையுறை அணிந்து கையாளுங்கள், அவற்றின் தூள் தண்ணீருக்குள் போகாதபடி பஞ்சு வையுங்கள்.

கால்க் எனப்படும் சுண்ணாம்பு நீர் இதற்கு உதவுமா?

உதவும், அதுவும் ஒரு கல்லில் இரண்டு மாங்காயாக. பள்ளியில் தெளிந்த சுண்ணாம்பு நீரில் மூச்சை ஊதிப் பால்போல் வெளுக்கச் செய்த சோதனை நினைவிருக்கும். அதே கால்சியம் ஹைட்ராக்சைடுதான் இது. தொட்டியில் சொட்டும்போது அதன் ஹைட்ராக்சைடு, தண்ணீரில் உள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துப் பைகார்பனேட்டாக்குகிறது. பிஎச் ஏறுகிறது, கூடவே கால்சியமும் காரத்தன்மையும் பவளங்களுக்குத் தேவையான விகிதத்திலேயே கிடைக்கின்றன. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல் மட்டுமே கரையும். கரைசலின் பிஎச் 12ஐத் தாண்டும் என்பதால் ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக, சொட்டுச் சொட்டாக, பெரும்பாலும் இரவில் விட வேண்டும். மிதவைச் சுவிட்சு சிக்கி வாளி முழுவதும் ஒரேயடியாகக் கொட்டினால் தொட்டியே வெளுத்துப்போகும். வாளியைச் சிறியதாக வைத்திருப்பதே பாதுகாப்பு.

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைக் கரைத்து விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சிப்பிச் சுண்ணாம்போ கல் சுண்ணாம்போ, அதில் வேறு என்னென்ன கலந்திருக்கிறது என்பது பொட்டலத்தில் எழுதியிருக்காது. வேண்டாம்.

இரவில் பாசிக்கு விளக்குப் போடுவது?

சம்பில் கீட்டோ போன்ற பெரும்பாசியை வளர்த்து, காட்சித் தொட்டியின் விளக்கு அணைந்ததும் அங்கே விளக்கெரிய விட்டால் இரவு இறக்கம் குறையும். அடிமட்டத்தை 0.1 அளவுக்குத் தூக்கிவிடும். அறையைச் சரிசெய்யாமல் இதை மட்டும் நம்புவது போதாது.

காற்றுச் சுத்திகரிப்பானும் தொட்டிச்செடிகளும் உதவாதா?

உதவா. சுத்திகரிப்பானின் வடிகட்டி தூசியையும் புகைத்துகளையும் பிடிக்கும், அதிலுள்ள கரி சில ஆவிகளைப் பிடிக்கும். கார்பன் டை ஆக்சைடு இரண்டையும் கடந்து போய்விடும். கூடத்து மூலையில் நிற்கும் மணிபிளான்ட் உறிஞ்சும் அளவு, ஒருவர் மூச்சில் வரும் அளவோடு ஒப்பிட ஒன்றுமேயில்லை.

நகரத்து வெளிக்காற்றே புகையாக இருக்கிறதே, அது பிஎச்சைக் கெடுக்காதா?

வாகனப் புகையில் உள்ள கந்தக, நைட்ரஜன் ஆக்சைடுகள் அமிலம் தருபவையே. ஆனால் காற்றில் அவற்றின் அளவு நூறு கோடியில் சில பத்துப் பங்கு என்ற கணக்கில்தான் இருக்கும். கடல்நீரின் காரத்தன்மைக்கு முன்னால் அது எடுபடாது. நெரிசலான சாலையோரத்தில் கார்பன் டை ஆக்சைடு 450, 500 பிபிஎம் வரை போகலாம். அதுவும் அடைத்த கூடத்தைவிட எவ்வளவோ மேல்.

காற்றைச் சரிசெய்து பிஎச் ஏறிய பிறகு கவனிக்க வேண்டியது என்ன?

காரத்தன்மையை. பிஎச் 7.8இலிருந்து 8.2க்கு வந்ததும் கல்பவளங்கள் வேகமாகக் கட்டத் தொடங்கும், அதுவரை போதுமாக இருந்த டோசிங் போதாமல் போகும். ஒரு வாரம் கழித்துக் காரத்தன்மை ஒன்றரை டிகேஎச் விழுந்திருப்பதைக் கண்டு திகைப்பவர்கள் பலர். முதல் இரண்டு வாரங்களுக்கு நாள்தோறும் ஒரே நேரத்தில் டிகேஎச் சோதித்து, விழும் அளவுக்கு ஏற்ப டோசிங்கைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். சோடா லைமும் சுண்ணாம்பு நீரும் சேர்த்துப் பயன்படுத்துபவர்கள் மதிய உச்சத்தையும் பார்க்க வேண்டும், 8.5ஐத் தாண்டினால் முதலில் பகல்நேரச் சுண்ணாம்பு நீரை நிறுத்தி, அப்போதும் இறங்காவிட்டால் பகலில் வடிப்பானைக் கழற்றிவிட்டு இரவுக்கு மட்டும் மாட்டுங்கள்.